பாங்காக்கில் தனியாக இறங்கும் முதல் நாள்: அரண்மனையை நாளைக்கு வையுங்கள்

“முதுகுப் பையோடு முதல் முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். காலை ஐந்தரை மணிக்குப் பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறேன். காவோசான் சாலைப் பக்கம் ஹாஸ்டல் போட்டிருக்கிறேன். மொத்தம் ஐந்து நாள். முதல் நாளே அரண்மனை, வாட் போ, வாட் அருண் மூன்றையும் பார்த்துவிடலாமா? தனியாகப் போவதில் கொஞ்சம் பயமும் இருக்கிறது.” இதுதான் கேள்வி.

பார்த்துவிடலாம். வாட் என்றால் புத்தர் கோயில், மூன்றும் பக்கம் பக்கம்தான். அரண்மனையிலிருந்து வாட் போவுக்கு நடந்தே போகலாம், அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். ஆனாலும் முதல் நாள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரவு விமானத்தில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. இறங்கியதும் புழுக்கம், தோளில் பத்துக் கிலோ பை, கையில் பழக்கமில்லாத நோட்டுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் படிக்கத் தெரியாத எழுத்து. அந்த நிலையில் எடுக்கும் முடிவுகள்தான் பயணத்தில் பணத்தையும் மனதையும் அதிகம் பாதிக்கின்றன. பாங்காக் பொதுவாக ஆபத்தான ஊர் இல்லை. களைப்பாக இருக்கும் ஆளுக்கு மட்டும் கொஞ்சம் செலவு வைக்கும் ஊர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை போனபோது நானும் இறங்கிய அன்றே அரண்மனைக்குக் கிளம்பினேன். வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அட்டை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சிரித்தபடி வந்து, எந்த ஊர், எத்தனை நாள் என்று விசாரித்தார். பிறகு வருத்தத்தோடு, “இன்று புத்தர் விழா, அரண்மனை மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும்” என்றார். என் கையில் இருந்த வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களை வட்டமிட்டுக் கொடுத்தார். அருகிலேயே ஒரு டுக்-டுக், நம் ஆட்டோ மாதிரி வண்டி, நின்றிருந்தது. மூன்று இடங்களுக்கும் சேர்த்து 20 பாட்தான் (பாட் தாய்லாந்து நாணயம்) என்றார். ஏறிவிட்டேன். முதலில் ஒரு சிறிய கோயில், அடுத்து ஒரு தையல் கடை, அதற்கடுத்து ஒரு ரத்தினக் கடை. எதையும் வாங்காமல் வெளியே வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கடையிலிருந்து கமிஷன் கிடைக்காத டிரைவரின் முகம் மாறிவிட்டது, நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அரண்மனை காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது.

இது பாங்காக்கில் பல காலமாக நடந்துவரும் ஏமாற்று. இதைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும் ஏறினேன், ஏனென்றால் அன்று காலை யாராவது “இங்கே போ, அங்கே போ” என்று சொன்னால் போதும் என்று உடம்பு ஏங்கியது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் நாளுக்கான முடிவுகளை எல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். இறங்கிய பிறகு எடுத்த முடிவுகளின்படி நடந்தால் போதும், எதையும் புதிதாக யோசிக்கத் தேவை இருக்கக் கூடாது.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை அதிகமில்லை. தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டினர் எல்லோரும் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் ஹாஸ்டல் முன்பதிவையும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குடியேற்ற அதிகாரி கேட்கலாம். ஹாஸ்டலின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் ஒரு படமாகப் போனில் சேமியுங்கள், ஆங்கில எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் டாக்சி ஓட்டுநர்கள் நிறையப் பேர் உண்டு. நகரத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு சின்னப் பூட்டும் வேண்டும். பல ஹாஸ்டல்களில் லாக்கர் இருக்கும், பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மின் சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்ட பொருள், கொண்டு வருவதே குற்றம். பழக்கம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி விமான நிலையம். வெளியே வந்ததும் கூட்டத்தோடு ஓடாதீர்கள். உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை, அவசரமும் இல்லை. ஒரு நாற்காலியில் பையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்காருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அன்றைய நாளின் வேகத்தை முடிவு செய்வது அந்தப் பத்து நிமிடம்தான். பிறகு சிம். பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும், கவுன்டரில் இருப்பவரே போட்டுக் கொடுத்துவிடுவார். நெட் வருகிறதா என்று பார்த்த பிறகு நகருங்கள்.

பணம் மாற்ற, பெட்டி வரும் தளத்தில் இருக்கும் வங்கிக் கவுன்டர்களைத் தாண்டிக் கீழே போங்கள். ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்தில் தனியார் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும், மேலே கொடுப்பதைவிடக் கணிசமாக நல்ல விலை தருவார்கள். ஏடிஎம்மில் எடுப்பதானால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். திரையில் “உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா?” என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ஒப்புக்கொண்டால் அந்த இயந்திரத்துக்குரியவர்கள் வைக்கும் மாற்று விகிதம்தான் உங்களுக்கு. மறுத்தால் உங்கள் வங்கியின் விகிதம் கிடைக்கும், அது பெரும்பாலும் இதைவிட நல்லது. கைக்கு வருவது பெரும்பாலும் 1000 பாட் நோட்டாக இருக்கும். டாக்சியிலும் தெருக் கடையிலும் அதை நீட்டினால் சில்லறை இருக்காது. ஏதாவது ஒரு செவன்-இலெவன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துவிடுங்கள். நோட்டு கீழே விழுந்தால் மட்டும் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், அதில் மன்னர் படம் இருக்கிறது. அரச குடும்பத்தை அவமதித்தால் தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. விளையாட்டாகக்கூட அந்தப் பேச்சு வேண்டாம்.

நகருக்குள் போக, ரயிலைத்தான் சொல்வேன். அதே அடித்தளத்தில் ஏறினால் பயாதாய் நிலையம் வரை அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அதிகபட்சக் கட்டணம் 45 பாட். நீங்கள் பழைய நகரத்துக்குப் போவதால், வழியில் மக்காசான் நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் பெட்சபுரி மெட்ரோவுக்கு நடந்து, நீல வழித்தடத்தில் சாம் யோட் வரை போகலாம். அங்கிருந்து காவோசான் ஒன்றரை கிலோமீட்டர் சுமார். பையோடு நடக்க வேண்டாம், அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் மீட்டர் டாக்சியோ, போன் செயலியில் கூப்பிடும் கிராப் வண்டியோ எடுங்கள். மொத்த வழிக்கும் டாக்சி வேண்டுமென்றால், முதல் தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து ஏறும் அதிகாரபூர்வ வரிசை உண்டு. மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட் சேரும், சுங்கச்சாலைக் கட்டணமும் நம்முடையது. வருகைக் கதவருகே வந்து “டாக்சி, டாக்சி” என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள். வேலை நாள் காலை என்றால் சாலை நெரிசலில் டாக்சி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஹாஸ்டலுக்கு எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். படுக்கை பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். பையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். பல இடங்களில் குளிக்கவும் விடுவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பாஸ்போர்ட், அட்டைகள், பணத்தில் பெரும்பகுதி இவை உடம்போடு இருக்கட்டும், மீதி எல்லாம் பையில். தோளிலிருந்து அந்தப் பை இறங்கியதும் ஊரே வேறு மாதிரி தெரியும். அதுவரை நெருக்கியடித்த தெரு கொஞ்சம் அகலமாகிவிடும்.

மதியம் வரை நேரத்தைக் கடத்த, ஹாஸ்டலைச் சுற்றி நாலு தெரு நடங்கள். எங்கே தண்ணீர், எங்கே மருந்துக் கடை, எங்கே துணி துவைப்பார்கள், இரவில் எந்த மூலையில் வெளிச்சம் இருக்கும் என்று பார்த்து வையுங்கள். சாலையைக் கடக்கும்போது வரிக்கோடு இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். பல வண்டிகள் நிற்காது. உள்ளூர்க்காரர் ஒருவர் கடக்கும்போது அவரோடு சேர்ந்து கடந்துவிடுங்கள். காவோசான் என்றால் அரைத்த அரிசி என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே அரிசிச் சந்தை இருந்தது. 1980களிலிருந்துதான் அது முதுகுப் பை ஆட்களின் தெருவானது. இரவில் அங்கே இசை காதைப் பிளக்கும், பகலில் பாதித் தூக்கத்தில் கிடக்கும். தங்குவதற்கு அந்தத் தெருவைவிட, ஆற்றுப் பக்கம் போகும் பிரா ஆதித் சாலையின் சந்துகள் எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி, குறிப்பாக சைவக்காரர்களுக்கு. “காய்கறி மட்டும்” என்று சொன்னால் மீன் சாறு போட்ட காய்கறிதான் வரும். தாய் சமையலில் உப்புக்குப் பதில் மீன் சாறு என்பது அவ்வளவு இயல்பு. “ஜே” என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். சீன வம்சாவளித் தாய் மக்களின் சுத்த சைவம் அது. மீன் சாறும் இல்லை, முட்டையும் இல்லை, பூண்டுகூட இல்லை. மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் தொங்கும் கடைகளைத் தேடுங்கள். அந்த எழுத்தின் வடிவத்தைக் கிளம்பும் முன்பே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, கூட்டம் நிற்கும் கடையில் நின்றால் போதும். காரம் வேண்டாமென்றால் “மை பெட்”. வேறு எதை மறுப்பதானாலும் “மை ஆவ்”, கூடவே ஒரு சிரிப்பு, நிற்காமல் நடை. ஆண் “கோப் குன் க்ராப்”, பெண் “கோப் குன் கா” என்றால் நன்றி. முதல் நாளுக்கு இவ்வளவு தாய் மொழி போதும்.

படுக்கை கிடைத்ததும் அலாரம் வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், மேலே போனால் இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நான்கு மணிக்கு மேல் வெயில் கொஞ்சம் இறங்கும். அப்போது ஒரே ஒரு நடை, டிக்கெட் எதுவும் தேவையில்லாத நடை. காவோசானிலிருந்து தெற்கே ஒரு கிலோமீட்டர் அளவில் வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே நடுச்சாலையில் செக்கச் சிவந்த இரண்டு தேக்குத் தூண்கள் வானத்தைத் தொடுவதுபோல் நிற்கும். மேலே குறுக்குச் சட்டம், நடுவில் ஒன்றும் இல்லை. பெரிய ஊஞ்சல் என்பார்கள், தாய் மொழியில் சாவ் சிங் சா. முதலில் 1784இல் முதலாம் ராமர் என்ற மன்னர் காலத்தில் நிறுவியது. 1935 வரை இதில் ஆட்கள் பல ஆள் உயரத்துக்கு ஆடி, கம்பத்தில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். அந்தச் சடங்குக்குத் தாய்க்காரர்கள் சொல்லும் பெயர் “திரியம்பவாய், திரிபவாய்”. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்முடைய திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் தேவஸ்தான் என்ற சின்ன வெள்ளைக் கோயில், சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் மூன்று சன்னதிகள். ஊஞ்சல் ஆட்டம் நின்றாலும் அங்கிருக்கும் அரச பிராமணர்கள் ஆண்டுதோறும் அந்தச் சடங்கை நடத்துகிறார்கள், நம் பாடல்களை உருமாறிய உச்சரிப்பில் ஓதுகிறார்கள். கோயில் கதவு மூடியிருந்தாலும் பரவாயில்லை. யாரையும் தெரியாத ஊரில், பாதி மயக்கத்தில், அந்தச் சிவப்புத் தூண்களுக்குக் கீழே நின்று அந்தப் பெயரை முணுமுணுத்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அந்நியம் என்று நான் நினைத்திருந்தது பாதிதான் அந்நியம்.

இந்த ஊரின் பெயரும் அப்படித்தான். உள்ளூரில் யாரும் பாங்காக் என்று சொல்வதில்லை, “குருங் தேப்” என்பார்கள். முழுப் பெயர் மிக நீளம், தாய் எழுத்தில் 168 எழுத்துகள். அதில் மகாநகர், அமர ரத்தினம், அயோத்தி, நவரத்தினம், ராஜதானி, இந்திரன், விசுவகர்மா எல்லாம் இருக்கும். விளம்பரப் பலகைகளில் படிக்க முடியாத எழுத்துக்குள் நமக்குத் தெரிந்த சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த எழுத்தைப் பார்த்து வந்த மிரட்சி குறைந்தது.

அங்கிருந்து திரும்பி ஆற்றங்கரைக்கு வாருங்கள். பிரா ஆதித் படகுத்துறையை ஒட்டி பிரா சுமேன் என்ற பழைய வெள்ளைக் கோட்டை. சுமேன் என்றால் சுமேரு, மேரு மலைதான். அதன் பின்னால் ஒரு சின்னப் பூங்கா. மாலை ஐந்தரைக்கு அங்கே போய் ஆற்றைப் பார்த்து உட்காருங்கள். வலது பக்கம் எட்டாம் ராமர் பாலத்தின் கம்பிகள் விசிறிபோல் விரிந்திருக்கும். குழந்தைகள் ஓடும், பெண்கள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே நிற்பார். தோளில் தொங்கும் துண்டுகூட ஆடாது. ஒரு குழந்தை அம்மாவின் விரலைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கும். ஆற்றில் படகு மட்டும் போய்க்கொண்டிருக்கும். நீங்களும் எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் சுமார்தான். பாட்டு முடிந்ததும் எதுவும் நடக்காததுபோல் ஓட்டம் தொடரும். காலை எட்டு மணிக்கும் இப்படித்தான், ரயில் நிலையங்களிலும் நிற்பார்கள்.

பயம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், அது இயல்பு. சுற்றுலாப் போலீஸின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள், போனில் பதிந்து வையுங்கள். பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் வண்டி வாடகைக்கும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். பெண்ணாக இருந்தால் முதல் இரண்டு இரவுக்காவது பெண்களுக்கான அறையை எடுங்கள், நன்றாகத் தூங்கவே அது. இருட்டிய பிறகு கிராப் எடுத்தால் வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறி, பயண விவரத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். துறவிகளைப் பெண்கள் தொடக் கூடாது, படகிலும் பேருந்திலும் அவர்களுக்கென்று இடம் உண்டு. யாருடைய தலையையும் தொடாதீர்கள், புத்தர் சிலை பக்கம் பாதத்தை நீட்டி உட்காராதீர்கள்.

ஆனால் முதல் நாளில் உண்மையாக வந்து நிற்பது பயம் இல்லை, தனிமை. அது இரவு எட்டு மணிக்கு வரும். சாப்பிட்டு முடித்துப் படுக்கையில் ஏறியதும், எதற்கு வந்தோம் என்று தோன்றும். கீழ்ப் படுக்கையில் யாரோ வேறு மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் டிக்கெட்டை மாற்றலாமா என்று தேடாதீர்கள். எனக்குத் தெரிந்து முதல் தடவை தனியாகப் போன பலருக்கும் இது வந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரு தூக்கத்தில் போய்விடுகிறது. வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு ஹாஸ்டலின் பொது இடத்துக்கு இறங்கி வந்து பத்து நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு எங்கே போகிறீர்கள் என்று யாராவது ஒருவரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத முதுகுப் பைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படுக்கும் முன் மறுநாள் துணியை எடுத்து வைத்துவிடுங்கள். அரண்மனைக்குத் தோள் மூடிய சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை. காலை எட்டரைக்குத் திறக்கும், மாலை மூன்றரைக்கு நுழைவுச் சீட்டு நிறுத்துவார்கள், 500 பாட். அரச சடங்கு நாட்களில் உண்மையாகவே மூடுவதும் உண்டு, அதை அரண்மனையின் இணையதளத்தில் இரவே பார்த்துக்கொள்ளுங்கள், தெருவில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். உள்ளே மரகத புத்தர் என்ற சிலை இருக்கிறது, உயரம் 66 சென்டிமீட்டர்தான், மரகதமும் இல்லை, பச்சைக் கல். சுற்று மண்டபச் சுவர் முழுக்க 178 ஓவியங்களில் தாய் நாட்டு ராமாயணமான ராமகியன். வடக்குக் கதவருகே கதை தொடங்கும், அங்கிருந்து சுவரைப் பிடித்தபடி நடங்கள். அதற்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும், தூங்கி எழுந்த கண்ணும் வேண்டும். பிறகு வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், முத்துச்சிப்பி பதித்த அவர் பாதங்கள். வாட் அருண் மாலைக்கு.

போவதற்கு டாக்சி வேண்டாம். எட்டு மணிக்குப் பிரா ஆதித் துறைக்கு வந்து ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள், தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை வாசல் சில நிமிட நடை. படகில் டிக்கெட் எடுக்கும் அம்மா ஒரு நீளமான உலோகக் குழாயைக் கையில் வைத்துக் ‘கிளிக் கிளிக்’ என்று ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வருவார். சில்லறை அதற்குள்தான் இருக்கும், டிக்கெட்டும் அதிலிருந்துதான் வரும். 20 பாட் நோட்டு ஒன்றை எடுத்துத் தயாராக வைத்திருங்கள்.